ஒரு நகத்தளவு இடம்



வெள்ளிக்கிழமைதோறும் அஸருக்குப் பின் நாம் நடத்திவரும் பெண்கள் வகுப்பில், சென்ற ஷவ்வால் மாதத்தில் ஒரு புதுமணப்பெண் தன் தாயாருடன் வந்து அமர்ந்திருந்தாள். வகுப்பு முடிந்து பெண்கள் கலைந்த பிறகு அருகே வந்து தன் இரு கைகளையும் நம் முன்னே நீட்டினாள். விரல்நுனியைத் தாண்டி அரை அங்குலம் நீண்டு, வெளிர் ரோஜா நிறத்தில் பளபளத்த பத்து நகங்கள். நிக்காஹுக்காகப் போட்டதாம். "ஆலிமா, இதோட உளூ செஞ்சா கூடுமா?" என்று கேட்டாள்.

கூடாது என்றோம். நீர் நகத்தைத் தொடவில்லை என்றால் உளூவும் நிறைவேறாது, கடமையான குளிப்பும் நிறைவேறாது என்று விளக்கினோம். அதுவரை சரிதான். அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னோம்: "கடையில் அசிட்டோன் வாங்கிப் பத்து நிமிடம் விரலை ஊறவை, தானே கழன்றுவிடும்." யாரோ அனுப்பிய ஒரு காணொளியில் பார்த்தது. அதைத் தாண்டி நமக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்திருக்கிறாள். நகம் அசையவில்லை. மக்ரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுகை தவறிவிடுமே என்ற பதற்றத்தில் கரண்டியின் காம்பை நகத்தின் இடுக்கில் நுழைத்து நெம்பியிருக்கிறாள். ஒட்டு நகம் கழன்றது. அதோடு மூன்று விரல்களில் சொந்த நகத்தின் மேலடுக்கும் உரிந்து வந்தது. வலது கட்டைவிரலில் இரத்தம். அடுத்த வெள்ளியன்று கையில் துணி சுற்றி வந்தாள். சுடுசோற்றைத் தொட முடியவில்லை, சோப்புத் தண்ணீர் பட்டால் உயிர்போகிறது என்றாள். அவளுடைய தாயார் நம்மைக் குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னபடிதான் செஞ்சோம் ஆலிமா" என்று மட்டும் சொன்னார். குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம்.

காயத்தின்மேல் நீர் படுவது கெடுதல் என்றால் கட்டின்மேல் மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தோம். நிக்காஹ் நாளிலிருந்து அந்த நகங்களுடன் தொழுத தொழுகைகளை எண்ணி, களா செய்யச் சொன்னோம். அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ரொட்டி சுடுகிறவளின் நகத்தில் காய்ந்த மாவைப் பற்றியும், சாயம் தோய்ப்பவனின் கையில் படிந்த நிறத்தைப் பற்றியும் ஃபிக்ஹு நூல்களில் மஸ்அலாக்களை ஓதியிருக்கிறோம். அந்த நூல்களை எழுதியோர் மாவையும் சாயத்தையும் கண்ணால் கண்டவர்கள். நாமோ ஜெல் நகத்தை அன்றுதான் முதன்முதலாக அருகில் பார்த்திருந்தோம்.

பதினோராண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதி முடித்துச் சென்ற ஒரு மாணவி, இப்போது திருச்சி தில்லைநகரில் பெண்களுக்கான ஒரு பார்லரில் நகக் கலைஞராக இருக்கிறாள். அவள் அந்தத் தொழிலுக்குப் போனது நமக்கு முன்பே தெரியும். அதைப் பற்றி ஒருபோதும் விசாரித்ததில்லை. திருமண வீடுகளில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு மாறிவிடுவோம். அவளுக்குத்தான் தொலைபேசி செய்தோம். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை காலையில வாங்க ஆலிமா. கூட்டம் இருக்காது" என்றாள்.

திரைச்சீலை மறைத்த ஒரு சிறு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், தூசியை உறிஞ்சும் சிறு மின்விசிறி, கவிழ்த்த சோப்புப்பெட்டி போன்ற ஒரு விளக்கு. வாடிக்கையாளராக வந்திருந்தவர் வங்கியில் பணிபுரியும் ஒரு சகோதரி, முஸ்லிம் அல்லர். நாம் அருகில் அமர்ந்து பார்க்கலாமா என்று மாணவி கேட்டபோது, சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதல் அரை மணி நேரம் ஜெல் டப்பாவின் மூடியே திறக்கப்படவில்லை. இது நமக்கு வியப்பாக இருந்தது. கைகளைச் சுத்தம் செய்து, ஒவ்வொரு நகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சையோ மஞ்சளோ படிந்திருக்கிறதா, நகம் சதையைவிட்டு விலகியிருக்கிறதா என்று பார்ப்பாளாம். அப்படி ஏதேனும் இருந்தால் போடாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவாளாம். பிறகு நகத்தின் அடியோரத் தோலை மெல்லப் பின்னே தள்ளி, நகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் செத்த தோலைச் சுரண்டி எடுத்தாள். அந்தத் தோல் சிறிதளவு மிஞ்சினாலும் ஜெல் நகத்தைப் பிடிக்காமல் தோலைப் பிடித்துக்கொண்டு, சில நாட்களில் ஓரம் தூக்கிவிடும். அடுத்து, 180 எண் கொண்ட மெல்லிய அரத்தால் நகத்தின் மினுமினுப்பை மட்டும் போக்கினாள். "பளபளப்பு போனா போதும் ஆலிமா. நகத்தையே தேய்க்கக் கூடாது. அவசரக்காரங்க இங்கதான் நகத்தைக் கெடுப்பாங்க" என்றாள். பின்னர் ஈரப்பசையையும் எண்ணெயையும் நீக்கும் ஒரு திரவம். அதன்மேல் பிடிப்புக்காகப் பிரைமர் எனும் இன்னொன்று, மிகக் குறைவாக.

ஈரத்தின் சுவடுகூட இல்லாமல் நகத்தை உலர்த்துவதில் அவள் காட்டிய கவனத்தைப் பார்த்தபோது, நகத்தில் ஓர் ஊசிமுனை இடம்கூட உலர்ந்திருக்கக் கூடாது என்று நாம் இத்தனை ஆண்டுகளாகக் கற்பித்து வருவது நினைவுக்கு வந்தது. அவளும் அதே வகுப்பில் அமர்ந்து ஓதியவள்தான்.

அதன் பிறகே சிற்பவேலை. அவர்களே 'ஸ்கல்ப்டிங்' என்றுதான் சொல்கிறார்கள். ஆயத்தமாகச் செய்த பிளாஸ்டிக் நுனியை ஒட்டுவது வேறு. இது ஒன்றுமில்லாத இடத்தில் நகத்தை எழுப்புவது. அதற்கு அச்சாகப் பயன்படுவது ஃபார்ம் எனும் தடித்த காகிதம். ஒட்டும் பசையும் அளவுக்கோடுகளும் உள்ள அந்தக் காகிதத்தைச் சொந்த நகத்தின் நுனிக்கு அடியில் செருகி, விரலைச் சுற்றி ஒட்டுகிறார்கள். கட்டடம் கட்டுகிறவர்கள் தளம் போடுமுன் பலகை அடிப்பார்களே, அதுபோல. காங்கிரீட் இறுகியதும் பலகையைக் கழற்றுவதைப்போல், ஜெல் இறுகியதும் காகிதத்தைக் கிழித்தெடுத்துவிடுவார்கள்.

பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்தக் காகிதத்தில்தான் பாதித் தொழில் இருக்கிறது என்றாள் மாணவி. நகத்தின் நுனி ஒருவருக்கு வட்டமாக இருக்கும், ஒருவருக்குத் தட்டையாக இருக்கும், ஒரே கையில் சுண்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் ஒற்றுமை இராது. ஒவ்வொரு விரலுக்கும் காகிதத்தின் வாய்ப்பகுதியைக் கத்தரியால் வெட்டித் திருத்தி, நகத்துக்கும் காகிதத்துக்கும் இடையே இடைவெளி இல்லாமல் பொருத்தினாள். இடைவெளி இருந்தால் ஜெல் அடியில் கசிந்து சதையில் ஒட்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது காகிதம் விரலின் நேர்கோட்டிலேயே நீள வேண்டும். கீழே சாய்ந்தால் நகம் பருந்தின் அலகுபோல் வளையும், மேலே தூக்கினால் கரண்டிபோல் நிமிரும். ஒரு விரலுக்கு மூன்று முறை பிய்த்து மூன்று முறை ஒட்டினாள். வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை.

காகித அச்சு வந்த கதையையும் அவளே சொன்னாள். பயிற்சி வகுப்பில் கற்பித்தார்களாம். 1950களில் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்துபோன தம் நகத்தைச் சரிசெய்ய அலுமினியத் தாளை அச்சாக வைத்து, பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கை அதன்மேல் இட்டு நகம் செய்துகொண்டாராம். ஜெல் பிற்காலத்தில் வந்தது. அதற்கும் பல் மருத்துவத்துக்கும் உறவு உண்டு; சொத்தைப் பல்லை அடைத்துவிட்டு நீல ஒளி காட்டி இறுக வைக்கிறார்களே, அதே இனம்தான்.

இனி ஜெல். முதலில் பேஸ் ஜெல்லை நகத்தில் தேய்த்துப் படியவைப்பதுபோல் மிக மெல்லிதாகப் பூசி விளக்கில் காட்டினாள். பிறகு பில்டர் ஜெல். தேன் பதத்தில் இருக்கும் அதைத் தூரிகையில் ஒரு துளி எடுத்து, சொந்த நகத்திலிருந்து காகிதத்தின்மேல் வரை இழுத்து, வேண்டிய நீளத்துக்கு ஒரு மெல்லிய தளம் அமைத்தாள். விளக்கில் காட்டி இறுக வைத்தாள். அதன்மேல் இன்னொரு பெரிய துளியை நகத்தின் நடுவே வைத்தாள். இம்முறை தூரிகையால் அழுத்தவில்லை; தூரிகை நகத்தைத் தொடாமல், ஜெல்லின் மேல் மட்டும் மிதந்து, துளியை வழிநடத்தியது. பிறகு கையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துச் சில நொடிகள் காத்திருந்தாள். ஜெல் தன் எடையாலேயே நடுவில் திரண்டு ஒரு மெல்லிய மேடாக ஆனது. நிமிர்த்தியதும் ஓடிவிடாதிருக்க, சில நொடிகள் மட்டும் ஒளி காட்டி உறைய வைத்தாள்.

அந்த மேட்டை 'அபெக்ஸ்' என்கிறார்கள். பாலத்தின் வளைவைப்போல நகத்துக்கு வலு தருவது அதுதான். சொந்த நகம் விரலைவிட்டு நீங்கும் இடம் எதுவோ, அந்த இடத்தில்தான் நீண்ட நகத்தின் பாரம் முழுதும் விழும். மேடு அந்த இடத்தைக் காக்குமாறு அமைய வேண்டும். அங்கிருந்து அடித்தோலை நோக்கியும் நுனியை நோக்கியும் பக்கங்களை நோக்கியும் சரிந்து மெலிய வேண்டும். மேடு இல்லாமல் ஒரே கனத்தில் போட்டால் முதல் நாள் அழகாகத் தெரியும். பிறகு கார்க் கதவில் தட்டினால் சொந்த நகத்தோடு சேர்ந்து முறியும். அடித்தோலிலிருந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே ஜெல்லை நிறுத்தினாள். தோலில் பட்டுவிட்டால் அதை விளக்கில் காட்டுமுன் துடைத்தாக வேண்டும்.

நான்கு விரல்களை ஒன்றாக விளக்கில் வைத்தவள், கட்டைவிரலை மட்டும் தனியே வைத்தாள். கையை விரித்து வைத்தால் கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளும். ஜெல் ஒருபக்கமாக வழியும், ஒளியும் நேராகப் படாது. இத்தனை எளிய விஷயம், சொன்ன பிறகே நமக்கு விளங்கியது.

இடையே வாடிக்கையாளர் "ஸ்ஸ்" என்று கையை வெடுக்கென்று இழுத்தார். ஜெல் இறுகும்போது வெப்பம் உண்டாகும். கனமாகப் பூசினால் சுடும். கையை வெளியே எடுத்து, சில நொடிகள் கழித்து மறுபடி வைக்கச் சொன்னாள். பாதி இறுகிய நிலையில் காகிதத்தை உருவிவிட்டு, நகத்தின் இரு பக்கங்களையும் சிறிய இடுக்கியால் மெல்ல அழுத்தினாள். நகம் உட்குழிந்த வளைவு பெற்றது. நுனியிலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'சி'யைக் கவிழ்த்தாற்போலத் தெரியும்.

முழுதும் இறுகிய பிறகும் மேலே ஒரு பிசுபிசுப்பு இருந்தது. இன்னும் காயவில்லையே என்றோம். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மேற்பரப்பை இறுகவிடாது, அது எப்போதும் இருக்கும், துடைத்தால் போய்விடும் என்று ஆல்கஹால் நனைத்த துணியை எடுத்தாள். அந்தப் பெயரைக் கேட்டு நம் முகம் சுளித்திருக்க வேண்டும். "ஊசி போடறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில துடைப்பாங்களே, அதேதான் ஆலிமா" என்றாள். வாடிக்கையாளர் வாய்விட்டுச் சிரித்தார். நாமும்தான்.

கடைசியில் அரம். முதலில் பக்கங்கள், பிறகு நுனி, பிறகே மேற்பரப்பு. ஒவ்வொரு விரலையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் நுனியிலிருந்தும் பார்த்துப் பார்த்துச் சீவினாள். தூசியைத் தட்டி, டாப் கோட் பூசி, நுனியின் விளிம்பையும் அதனால் மூடி, மறுபடி ஒளி காட்டி, ஓரத்தில் எண்ணெய் தடவினாள். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. வங்கிச் சகோதரி இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, நம்மிடமும் விடைபெற்றுச் சென்றார். மூன்று வாரத்தில் மீண்டும் வருவாராம். நகம் வளர வளர அடியில் இடைவெளி விழும், மேடும் முன்னே நகர்ந்துவிடும், அதை நிரப்பிச் சரிசெய்தாக வேண்டும்.

இப்போது நாம் போன காரியத்துக்கு வந்தோம். அசிட்டோனில் ஏன் கழலவில்லை?

அவள் ஒரு சாதாரண நகப்பூச்சுக் குப்பியையும் பில்டர் ஜெல் டப்பாவையும் அருகருகே வைத்தாள். சாதாரண பூச்சு, கரைப்பானில் கரைந்திருக்கும் ஒரு பொருள். கரைப்பான் ஆவியானால் காய்கிறது. மீண்டும் கரைப்பானைக் காட்டினால் கரைகிறது. ஜெல் காய்வதில்லை. ஒளி பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகின்றன. காய்ந்த மண் தண்ணீரில் கரையும். சூளையில் வெந்த செங்கல் மறுபடி களிமண் ஆகுமா? ஜெல்லிலும் இரண்டு வகை உண்டு. ஊறவைத்து எடுக்கும் வகைக்கு மேல்பூச்சை அரத்தால் நீக்கிவிட்டு, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் இளகும். நீண்ட நகம் எழுப்பப் பலர் பயன்படுத்தும் கடின ஜெல்லோ, அசிட்டோனில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் இளகாது. அதை அரத்தாலோ சிறு மின் எந்திரத்தாலோ அடுக்கடுக்காகச் சீவித்தான் எடுக்க வேண்டும். சீவிக்கொண்டே வந்து, சொந்த நகம் நெருங்கும் இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

மணப்பெண்ணுக்குப் போட்டிருந்தது கடின ஜெல்லாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். "நெம்புனா நகம்தான் ஆலிமா உரியும். ஜெல் நகத்தை அவ்வளவு கெட்டியா பிடிச்சிருக்கும். அதுக்குத்தானே அவ்வளவு நேரம் உலர்த்துறோம்." அவள் நம்மைக் குத்திக்காட்டவில்லை. தொழிலின் விவரத்தைத்தான் சொன்னாள். நாம் வகுப்பில் என்ன சொன்னோம் என்பதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டோம்.

மார்க்கத் தீர்ப்பில் இதனால் மாற்றம் ஏதும் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம். உளூ செய்த ஒருவர் தம் பாதத்தில் ஒரு நகத்தளவு இடத்தை நனைக்காமல் விட்டிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிப் போய் உளூவை நன்றாகச் செய்யும்படி பணித்த செய்தியை உமர் (ரழி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பாதத்தில் ஒரு நகத்தளவுக்கே அப்படி என்றால், பத்து நகங்களும் மூடியிருந்தால்? மருதாணி நிறத்தை மட்டும் விட்டுச் செல்கிறது, படலத்தை அன்று. ஆகவே அதற்கும் இதற்கும் ஒப்பில்லை. மாதவிடாய் நாட்களில் போட்டுக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இல்லாத நாட்கள்தாம். ஆனால் அந்த நாட்கள் முடிந்ததும் குளிப்பு கடமையாகிறதே. ஒரு வாரத்துக்காக இரண்டாயிரம் ரூபாயும், எழுப்ப இரண்டரை மணி நேரமும், சீவி எடுக்க இன்னொரு மணி நேரமும் செலவிடுவாளா ஒருத்தி? குளிப்பைத் தள்ளிப்போடுகிற பேச்சில்தான் அது முடியும் என்று அஞ்சுகிறோம்.

நாம் எழுந்து புறப்படும்போது மாணவி, "இன்னொண்ணு கேக்கணும் ஆலிமா" என்று தயங்கினாள். கையுறையைக் கழற்றினாள். வலக்கை ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் தோல் வெடித்து, சிவந்து, செதிலாகக் கிடந்தது. தொழில் பழகிய புதிதில் கையுறை இல்லாமல் தூரிகையை விரலால் துடைத்த பழக்கமாம். இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதில்லை. தோல் மருத்துவர் அவளிடம், பின்னாளில் பல் அடைக்கப் போனால்கூட இதைச் சொல்லிவிடும்படி எழுதிக்கொடுத்திருக்கிறார். ஹெமா என்ற பொருளே இதில் முதன்மையான குற்றவாளி. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தொழில்முறைக் கலைஞர்கள் மட்டுமே கையாள வேண்டுமென்று விதித்திருக்கிறது. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருள்களில் அடியோடு தடைசெய்துவிட்டது. வீட்டிலேயே போட்டுக்கொள்ள இணையத்தில் விளக்கும் ஜெல்லுமாக வாங்கும் நம் பெண்பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பொருத்தமில்லாத விளக்கில் மேலே இறுகி உள்ளே இறுகாமல் கிடக்கும் ஜெல்தான் தோலுக்கு மோசம்.

ஆனால் அவள் கேட்க வந்தது விரலைப் பற்றியன்று. அவளுடைய கணவர் வளைகுடாவில் வேலை இழந்து திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். மருதாணி போட்டால் ஒரு கைக்கு முந்நூறு ரூபாய், அதுவும் கல்யாண மாதங்களில்தான். இந்த வருமானம் தனக்கு ஹலாலா என்பதே அவள் கேள்வி. பதினோராண்டுகளாக அதை யாரிடமும் கேட்கத் துணியவில்லையாம். "உங்ககிட்ட கேக்கலாம்னு பல தடவை நினைச்சேன். நீங்க பேச்சை மாத்திடுவீங்க" என்றாள்.

அன்று அவளுக்கு விடை சொல்லவில்லை. ஒரு முறை தெரியாமல் சொன்னது போதும். அறிந்த உலமாக்கள் இருவரிடம், நாம் கண்ட செய்முறையை முழுதும் எழுதி அனுப்பிக் கேட்டோம். ஒருவர், தொழுகை கடமையில்லாதோருக்கும் பிற சமயத்தாருக்கும் செய்வதைத் தடுக்கக் காரணம் காணவில்லை, தொழும் பெண்ணுக்கு அறிந்துகொண்டே செய்வதுதான் குற்றத்துக்குத் துணைபோவதாகும் என்று எழுதினார். மற்றவர், ஐயத்துக்கிடமான இந்த வேலையை விட்டு, அதே பார்லரில் முடி, முகம், மருதாணி என்று மாறிக்கொள்வதே பேணுதல் என்றார். இரண்டு கடிதங்களையும் அவளிடம் படித்துக் காட்டினோம். நம் கருத்தையும் கேட்டாள். நமக்கு முதலாமவருடைய விடை ஏற்புடையதாகத் தோன்றுகிறது என்றோம். இரண்டாமவருடைய விடை நம் மனத்தைவிட்டு அகலவில்லை என்பதையும் சொன்னோம்.

அவள் ஏற்கெனவே ஒன்றைச் செய்துவந்திருக்கிறாள். முஸ்லிம் பெண்கள் வந்தால், நாற்காலியில் அமரும் முன்பே உளூவின் சட்டத்தைச் சொல்லிவிடுகிறாள். கல்யாணத்துக்குத்தான் வேண்டும் என்போருக்கு, இரட்டைப் பக்கப் பசைவில்லைகளால் ஒட்டும் ஆயத்த நகங்களைக் காட்டுகிறாள். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தால் அவை நெகிழ்ந்து வந்துவிடும், வலீமா முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம், விலையும் கால்பங்குதான். அப்படிப் போய்விட்ட வாடிக்கையாளர்களை எண்ணி முதலாளி அம்மா ஒருநாள் கடிந்துகொண்டாராம். இப்போது கடிவதில்லை, அந்தப் பெட்டிகளையே கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்.

கடின ஜெல்லைச் சீவி எடுப்பதற்கு, வகுப்பிலிருந்து நாம் யாரை அனுப்பினாலும் பணம் வாங்குவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். இதுவரை நால்வரை அனுப்பியிருக்கிறோம். அடுத்த ஆண்டு பார்லருக்குள்ளேயே மருதாணிப் பிரிவுக்கு மாறிவிடலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். விரல்களுக்காகவா, அந்த இரண்டாவது கடிதத்துக்காகவா என்று நாம் கேட்கவில்லை.

புதுமணப்பெண் சென்ற வெள்ளியன்று வகுப்புக்கு வந்திருந்தாள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளரும். அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்துவர ஆறு மாதம் ஆகும். மூன்று மாதம் சென்றிருக்கிறது. இரண்டு விரல்களில் வடு தெரியவில்லை. கட்டைவிரலில் உரிந்த இடம் ஒரு பள்ளமாக நுனியை நோக்கி நகர்ந்திருக்கிறது. அதற்குப் பின்னே புதிய நகம் வழுவழுப்பாக வந்திருக்கிறது. மருதாணி இட்டிருந்தாள். பள்ளத்தில் மட்டும் நிறம் கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது.